பெல் தெரு வார்டின் செல்லாத ஓட்டு

பெர்சி மாச்சினின் கையில் பென்சிலைக் கொடுத்தது நகரசபை செய்த முதல் தவறு. அந்தப் பென்சிலோடு அவனை மரத்தடுப்புக்குள் தனியாக நிற்கவிட்டது இரண்டாவது. பேச்சுக்கு ஆள் கிடைக்காத இடத்தில் பெர்சிக்கு நையாண்டி சுரந்துவிட்டால் அது எங்கேயாவது இறங்கித்தான் தீரும்.

மே மாதத்து வியாழக்கிழமை. வெளியே உமி தூவியது போல மழை. சூளை வேலை முடிந்த கையோடு, புருவமெல்லாம் வெள்ளைத் தூசியாக, பெல் தெருப் பள்ளிக்கூடத்தில் போட்டிருந்த ஓட்டுச்சாவடிக்குள் வந்திருந்தான். சீட்டில் இரண்டே பெயர்கள். மேலே ஆலிவ் மாச்சின். கீழே லெஸ்லி ஷெல்டன். கீழே இருப்பவர் பல வருஷமாக அந்த வார்டின் கவுன்சிலர். மேலே இருப்பவள் பெர்சியின் மனைவி.

பெருக்கல் குறியை ஆலிவின் கட்டத்துக்குள் ஒழுங்காகத்தான் போட்டான். அதோடு மடித்துப் பெட்டியில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் சீட்டின் ஓரத்தில் கொஞ்சம் வெள்ளை இடம் சும்மா கிடந்தது. சும்மா கிடக்கும் இடத்தை அவன் விட்டதில்லை. சுடப்போகும் தட்டுகளின் அடியில் மேஸ்திரியின் மூக்கை வரைந்து சூளைக்குள் அனுப்பியவன் அவன். அந்த மூக்குகள் இன்று எந்தெந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையிலோ கவிழ்ந்து கிடக்கின்றன. பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டு எழுதினான்:

"இவள் சுடும் கேக்கும் கொடுக்கும் சொல்லும் ஒரே ரகம். இரண்டையும் உடைக்க முடியாது."

எழுதியதைப் படித்துத் தானே சிரித்துக்கொண்டான். வெளியே மேசையில் உட்கார்ந்திருந்த அம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"உள்ள என்னப்பா, உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?"

"ஒண்ணுமில்ல கண்ணு. ஜனநாயகம் லேசாக் கிச்சுகிச்சு மூட்டுது."

சீட்டை நாலாக மடித்துப் பெட்டிக்குள் போட்டான். பெட்டி அதை விழுங்கிக்கொண்டது.

ஆறு சின்ன ஊர்கள் ஒன்றோடொன்று முட்டி ஒரே நகரமான இடம் அது. ஆறிலும் பீங்கான் ஆலைகள்தான். பஸ் கண்டக்டர் பாதிரியாரை "கண்ணு" என்று கூப்பிடுவார், பாதிரியாரும் திரும்பிப் பார்ப்பார். அறுபது வயதுக்காரனை எழுபது வயதுக்காரன் "என்ன இளவட்டமே" என்பான். பெல் தெரு வார்டில் ஒரு காலத்தில் ஆலை முதலாளிதான் தேர்தலில் நிற்பார், எதிர்த்து யாரும் நிற்க மாட்டார்கள், ஓட்டுப்பெட்டி தூசி படிந்து கிடக்கும். பிறகு தொழிலாளிகளின் கட்சி வந்தது. சாமுவேல் ஷெல்டன் என்ற சூளைக்காரன் முதலாளியைத் தோற்கடித்தான். அன்றைக்கு யாரோ வீட்டுப் பியானோவை நடுத்தெருவுக்கு உருட்டி வந்து பாடியதைக் கண்ணால் பார்த்ததாக ஊரில் பாதிப்பேர் சொல்வார்கள். அவர்களில் பலர் அப்போது பிறக்கவேயில்லை. அதற்கப்புறம் அந்தக் கட்சியின் ரிப்பனைக் குத்திக்கொண்டு யார் நின்றாலும் ஜெயித்தார்கள். சாமுவேலுக்குப் பின்னால் அவர் மகன் லெஸ்லி நின்றார். அப்பாவின் கை காய்த்துப்போயிருக்கும். மகனின் கை குலுக்கிக் குலுக்கி வழவழவென்று ஆகியிருந்தது.

"கெட்டிலுக்கு ரிப்பன் கட்டி நிறுத்தினாலும் நம்ம வார்டுல ஜெயிச்சுரும்," என்று சூளைக்காரர்கள் சொல்வார்கள்.

"கெட்டில் நின்னா நானே போடுவேன்," என்பான் பெர்சி. "சூடா ஏதாவது கிடைக்கும்."

ஆலிவ் நின்றது சலவைக்கூடத்துக்காக. அவளும் அவள் தோழி டாட் ப்ளூரும் ஒரே ஆலையில் ஒரே பெஞ்சில் வேலை பார்த்தார்கள். அச்சிலிருந்து வரும், இன்னும் சுடாத பச்சைக் கோப்பையில் அச்சு சேர்ந்த இடத்தில் ஒரு தழும்பு இருக்கும். அதைக் கத்தியால் சீவி, ஈரப் பஞ்சால் துடைத்து, அடுத்ததை எடுக்க வேண்டும். நாள் முழுக்க அதேதான். சீவிய களிமண் காய்ந்து தூசியாகி மேலங்கியில் அப்பிக்கொள்ளும். அந்தத் தூசி நெஞ்சுக்குள் போனால் திரும்பி வராது. டாட்டின் புருஷன் அதில்தான் போனான். டாட்டும் இருமிக்கொண்டிருந்தாள். அதனால் பெல் தெருப் பெண்கள் மேலங்கியை வீட்டுக்குள் உதறுவதில்லை. பழைய குழந்தை வண்டியில் மூட்டையாகக் கட்டித் தள்ளிக்கொண்டு நகரசபைச் சலவைக்கூடத்துக்குப் போவார்கள். அங்கே கொப்பரையும், நீராவியும், தூசியை அடித்துக்கொண்டு ஓடும் தண்ணீரும் உண்டு. அதை மூடிவிடலாம் என்று நகரசபையில் பேச்சு எழுந்தது. இடித்துவிட்டுக் கார் நிறுத்த இடம் போடலாமாம். அந்தத் தெருவில் கார் வைத்திருந்தவர் லெஸ்லி ஷெல்டன் ஒருவர்தான்.

ஆலிவ் இதற்கு முன் இரண்டு தடவை நின்று இரண்டு தடவையும் மண்ணைக் கவ்வியிருந்தாள். இந்தத் தடவைதான் காற்று திரும்பியது. டாட்டின் மைத்துனனிடம் ஒரு ஐஸ்கிரீம் வண்டி இருந்தது. அதில் ஒலிபெருக்கி கட்டித் தெருத்தெருவாகப் போனார்கள். வண்டியின் மணிப்பாட்டை நிறுத்தத் தெரியாமல் போனதால் ஆலிவ் சலவைக்கூடத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் குழந்தைகள் காசோடு வரிசையில் நின்றன. பெர்சியே அந்தக் குழந்தைகளிடம், "ஓட்டுக்கு வயசு வந்தப்புறம் வாங்க, ரெண்டு கரண்டி தரேன்," என்று சொல்லித் திருப்பி அனுப்பினான். ஓட்டு நாளன்று பெர்சி வீட்டு முன்னறையில்தான் தேர்தல் அலுவலகம். பெண்கள் மழையில் நனைந்து நனைந்து கதவு தட்டி, அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தவர்களைக்கூடச் செருப்போடு இழுத்துக்கொண்டு போய் ஓட்டுப் போட வைத்தார்கள்.

எண்ணிக்கை மறுநாள் வெள்ளிக்கிழமை காலை, நகரமன்றத்தில். பெர்சிக்குச் சூளையில் வேலை. ஆலிவோடு அவளுடைய முகவராக டாட்தான் போனாள்.

மத்தியானம் பெர்சி சுட்ட பாண்டங்களை இறக்கிக்கொண்டிருந்தான். கையுறையைத் தாண்டிச் சுட்டது. ஆலை வாசலில் டாட் நிற்கிறாள் என்று யாரோ சொன்னார்கள். கையுறையோடு ஓடினான்.

"ஜெயிச்சாச்சா கண்ணு?"

"சமம்," என்றாள் டாட்.

"சமம்னா?"

"சமம்னா சமம்தான். ரெண்டாவது தடவையும் எண்ணிப் பாத்தாங்க. அப்பவும் சமம். அப்புறம் ரெண்டு பேரையும் துண்டுக் காகிதத்துல எழுதி, பிஸ்கட் டப்பாவுல போட்டுக் குலுக்கி எடுத்தாங்க. ஷெல்டன் வந்துட்டான்."

"பிஸ்கட் டப்பாவுலயா?"

"பிஸ்கட் டப்பாவுல."

"என்ன பிஸ்கட்?"

வாய் அதுபாட்டுக்குக் கேட்டுவிட்டது. டாட் சிரிக்கவில்லை. வாசலில் தேங்கிய மழைக்குட்டையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஒரு ஓட்டைச் செல்லாதுன்னு தள்ளிட்டாங்க பெர்சி. ஆலிவ் கட்டத்துல குறி போட்ட சீட்டு. பக்கத்துல கேக்கைப் பத்தி என்னவோ எழுதியிருந்துச்சு."

சூளைச் சூடெல்லாம் பெர்சியின் உடம்பிலிருந்து ஒரே நொடியில் இறங்கிப்போயிற்று.

"நான் பேர் போடலையே டாட்."

"போட்டவன் யாருன்னு தெரிஞ்சுட்டா அந்த ஓட்டு செல்லாதாம். அதுதான் விதியாம்."

"அதான் கேக்கறேன். பேர் போடாதப்போ யாருன்னு எப்படித் தெரிஞ்சுது?"

"தெரிஞ்சுது."

"யார் சொன்னது?"

டாட்டுக்கு இருமல் வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு நெடுநேரம் இருமினாள். அதில் எவ்வளவு நிஜ இருமல் என்று பெர்சிக்கு விளங்கவில்லை.

"என் பஞ்சு காஞ்சுட்டிருக்கும். நான் போறேன்."

அன்று மாலை அவன் வீட்டுக்குள் நுழைந்தபோது ஆலிவ் மேலுடுப்பில் குத்தியிருந்த பச்சை ரிப்பனைக் கழற்றிப் பொத்தான் டப்பாவுக்குள் போட்டுக்கொண்டிருந்தாள். வாணலியாவது பறந்து வரும் என்று நிலைப்படியிலேயே நின்றான். ஒன்றும் வரவில்லை. அவள் ஓட்ஸ் தோசையை அடுப்பில் போட்டுச் சுடவைத்து, சீஸைத் துருவி மேலே தூவினாள்.

"திட்டிடு ஆலிவ்."

"ரெண்டா, மூணா?"

"கையில கிடைச்சத எடுத்து அடி. நான் குனிஞ்சுக்கறேன்."

"சீஸ் உருகிட்டிருக்கு. ரெண்டா, மூணா?"

"மூணு."

மூன்றை வைத்தாள். ஒன்றைத் தின்றான். அடுத்ததைத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளினான்.

"ஷெல்டன்தான் காட்டிக் குடுத்திருப்பான். சின்ன வயசுல அவனும் நானும் ஒரே பெஞ்சு. என் கையெழுத்து அவனுக்குத் தெரியும். அவன்தானே?"

"சாப்பிடு," என்றாள் ஆலிவ்.

அதற்கப்புறம் ஊர் பேசியது. சூளையில் அவனுக்கு "செல்லாத ஓட்டு" என்று பேர் வைத்தார்கள். "டேய் செல்லாத ஓட்டு, அந்த வண்டியை இந்தப் பக்கம் தள்ளு." மதுக்கடையில் அவன் நுழைந்தால் யாராவது பென்சிலை எடுத்து மறைத்து வைப்பார்கள். முதல் வாரம் அவனும் கூடச் சேர்ந்து சிரித்தான். தன்னைப் பார்த்து ஊர் சிரிப்பதில் அவனுக்கு இருபது வருஷப் பழக்கம் உண்டு. இரண்டாம் வாரத்தில்தான் இவர்கள் சிரிக்கவில்லை, பல்லை மட்டும் காட்டுகிறார்கள் என்று உறைத்தது.

கேள்வி மட்டும் அவனுக்குள் கிடந்து அரித்தது. நகரமன்றத்துக்கே போய்க் கேட்டான். கவுன்டரில் இருந்த குமாஸ்தா, "வாக்கு என்பது ரகசியம், ஐயா," என்றான். "ரகசியமா இருந்திருந்தா நான் ஏம்பா இங்க வரேன்?" என்று கேட்டதற்கு, கடுதாசி எழுதிப் போடச் சொன்னான். ஏற்கெனவே எழுதித்தான் இந்தப் பாடு என்று பெர்சி திரும்பி வந்துவிட்டான்.

ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஷெல்டனைத் தேவாலய வாசலில் பிடித்தான்.

"கவுன்சிலரே, ஒரே ஒரு கேள்வி."

"கேளு பெர்சி. என் கதவு எப்பவும் திறந்துதான் இருக்கும்."

"எண்ணிக்கை மேசையில அது என் கையெழுத்துன்னு சொன்னது நீங்கதானே?"

ஷெல்டன் தொப்பியைக் கழற்றி உள்ளே பார்த்தார். பதில் அதற்குள் இருக்கும் போல. "நல்ல கேள்வி. ரொம்ப முக்கியமான கேள்வி."

"கேள்வி நல்லாருக்குன்னு எனக்கும் தெரியும், நான்தானே கேட்டேன். பதில் எப்படி?"

"பாருப்பா. விதின்னு ஒண்ணு இருக்கு, நடைமுறைன்னு ஒண்ணு இருக்கு. ரெண்டுக்கும் நடுவுல அதிகாரி ஒருத்தர் இருக்காரு. அந்தச் சூழ்நிலையில யார் என்ன சொன்னாங்கங்கிறதைவிட, என்ன முடிவு வந்துச்சுங்கிறதுதான்..."

"ஆமாவா, இல்லையா?"

"எல்லாத்தையும் ஆமா இல்லைன்னு சொல்லிட முடியுமா?" தொப்பியை மறுபடி தலையில் வைத்துக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இத நீ உன் வீட்டுல கேளு பெர்சி," என்றார்.

அதைப் பெர்சி வசவாக எடுத்துக்கொண்டான். போகிறவர் முதுகைப் பார்த்து, "சலவைக்கூடம் என்ன ஆச்சு?" என்று கத்தினான்.

"அது என் பொறுப்பு," என்று திரும்பாமலே சொன்னார் ஷெல்டன். "ஆலிவ் கிட்டயும் சொல்லியிருக்கேன்."

ஜூலையில் நகரசபைக் கமிட்டி கூடி, சலவைக்கூடத்தை மூட முடிவு செய்தது. ஒரே ஒரு கை கூடுதல். கூடுதலாக உயர்ந்த அந்தக் கை யாருடையது என்று கேட்க வேண்டியதில்லை. பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருந்த ஆலிவ், அது உயர்ந்ததைப் பார்த்துவிட்டு, கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்து வந்தாள். வரும் வழியில் அழவில்லை. பஸ்ஸில், கூட வந்திருந்த பெர்சியிடம், "அந்த நாற்காலியில நான் இருந்திருக்கணும்," என்றாள். அவ்வளவுதான். அது அவனைச் சுட்டிச் சொன்னதாகத்தான் அவனுக்குக் கேட்டது.

செப்டம்பர் கடைசியில் சலவைக்கூடத்தின் கடைசி நாள். ஈரத் துணி கனக்குமே என்று பெர்சி வண்டி தள்ளப் போனான். உள்ளே நீராவி. அதற்குள்ளிருந்து குரல்கள் வந்தன, முகம் தெரியவில்லை.

"வந்துட்டாருடி கவிஞர்."

"பென்சில் கொண்டாந்தியா பெர்சி?"

"சுவத்துல ஏதாவது எழுதிட்டுப் போயேன். இடிக்க வர்றவங்க படிச்சுச் சிரிக்கட்டும்."

"உன் பொண்டாட்டி கேக்கு சுட்டா கல்லு மாதிரி இருக்குமாமே. அத வெச்சே இடிச்சிரலாம்."

ஆலிவ் கொப்பரைப் பக்கம் குனிந்து நின்றாள். நிமிரவில்லை. பெர்சி தொப்பியைக் கழற்றி இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் பதில் சொல்லியிருந்தால் பெண்கள் இன்னும் நாலு போட்டுவிட்டு விட்டிருப்பார்கள். பேசாமல் நின்றது அவர்களுக்கே என்னவோ போல் ஆகிவிட்டது.

"போதும் விடுங்கடி," என்றாள் டாட், இருமலுக்கு நடுவில். "அவன ஒருத்தன மட்டும் சொல்லி என்ன. அன்னைக்கு அந்த மேசையில..."

"டாட்," என்றாள் ஆலிவ். "இந்த முனையப் பிடி."

டாட் படுக்கை விரிப்பின் முனையைப் பிடித்தாள். இருவரும் எதிரெதிராக நின்று முறுக்கினார்கள். தண்ணீர் சிமெண்டுத் தரையில் கொட்டியது. முறுக்க முடிந்த மட்டும் முறுக்கிய பின்னும் ஆலிவ் முறுக்கிக்கொண்டேயிருந்தாள்.

குளிர் வந்தது. இப்போது பெல் தெருவில் எல்லா வீட்டுப் பின்கட்டிலும் மேலங்கிகள். உதறினால் வெள்ளையாகப் பறந்து, ஈரச் சுவரில் ஒட்டிக் காய்ந்து, மறுபடி பறந்தது. நவம்பரில் டாட்டை ஆஸ்பத்திரியின் நெஞ்சு நோய்ப் பிரிவில் சேர்த்தார்கள். இனி ஆலைப் பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆலையின் மேலங்கியைத் துவைத்துத் திருப்பிக் கொடுத்தால்தான் கணக்கு முடிப்பார்கள். டாட்டின் இரண்டு அங்கிகளையும் ஆலிவ் தன் வீட்டுக்கு எடுத்து வந்தாள்.

சனிக்கிழமை மத்தியானம். சமையலறை முழுக்கக் குறுக்கும் நெடுக்கும் கயிறு. சொட்டும் துணிகளுக்கு அடியில் பெர்சி குனிந்து குனிந்து போய் அடுப்புக்குக் கரி போட்டான். அடுப்பில் மாட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் குழைந்து கொதித்துக்கொண்டிருந்தன. ஆலிவ் தொட்டியில் டாட்டின் அங்கியைக் கசக்கினாள். தண்ணீர் பால் போல ஆயிற்று. கொட்டிவிட்டு வேறு தண்ணீர் பிடித்தாள். அதுவும் பாலாயிற்று.

காலையில் ஐஸ்கிரீம் வண்டிக்காரன் வந்து போயிருந்தான். அடுத்த மே மாதம் வார்டின் இன்னொரு நாற்காலிக்குத் தேர்தல், ஆலிவ் நிற்க வேண்டும் என்று கேட்டான். அவள் முடியாது என்று அனுப்பிவிட்டாள்.

"நில்லு ஆலிவ்," என்றான் பெர்சி, துணிக்குப் பின்னாலிருந்து.

அவள் கசக்கிக்கொண்டிருந்தாள்.

"நான் ஓட்டே போட மாட்டேன். அன்னைக்குச் சாவடிப் பக்கமே வரமாட்டேன். சூளைக்குள்ள வெச்சுப் பூட்டச் சொல்லிடறேன். ஊர்ல யார் கேட்டாலும், போன தடவை தோத்ததுக்கு நான்தான் காரணம், அவ காரணமில்லன்னு நானே கதவு தட்டிச் சொல்றேன்."

"வேண்டாம்."

"சொல்றேன் ஆலிவ். உண்மை அதானே. அந்த ஷெல்டன் காட்டிக் குடுத்தாலும், எழுதினது என் கைதானே. இந்த அங்கியப் பாக்கறப்பல்லாம் எனக்கு..."

"ஷெல்டன் காட்டிக் குடுக்கல."

பெர்சி ஒரு விரிப்பை விலக்கிவிட்டு அவளைப் பார்த்தான். அவள் கைகளைத் தண்ணீருக்குள்ளேயே வைத்திருந்தாள்.

"அந்த அதிகாரி உன் சீட்டைப் படிச்சாரு. படிச்சுட்டு, 'இந்தம்மா சுட்ட கேக்கைத் தின்ன யார் வேணா இத எழுதியிருக்கலாம், ஆள் யாருன்னு இதுல தெரியல, இது செல்லும்'னாரு. ஷெல்டன்கூட ஒண்ணும் சொல்லல. மேசையில என் கட்டு உசரமா இருந்துச்சு பெர்சி. கடைசிப் பெட்டிய இன்னும் பிரிக்கல. நான் ஜெயிச்சுட்டேன்னு நினைச்சுட்டுதான் நின்னேன். எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன். சிரிச்சுக்கிட்டே, 'இது என் வீட்டுக்காரன் எழுத்து'ன்னேன்."

அடுப்பில் குழம்பு பொங்கி மூடியைத் தட்டியது. யாரும் போய் எடுக்கவில்லை.

"அவர் முகம் மாறிப்போச்சு. 'அதச் சொல்லியிருக்கக் கூடாதும்மா'ன்னு சீட்டைத் தனியா எடுத்து வெச்சாரு. அது இல்லாம எண்ணிச் சமம்னு வந்ததும் மறுபடி கூப்பிட்டாரு. 'நிச்சயமா அவர் எழுத்துதானா, நல்லாப் பாத்துச் சொல்லுங்க'ன்னு கேட்டுட்டு, சன்னல் பக்கம் திரும்பிக்கிட்டாரு. தெரியலன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முடிஞ்சுது. சீட்டு என் முன்னால கிடந்துச்சு. சொன்ன சொல்லை உடைக்க மாட்டான்னு, உன் கையெழுத்துல. பொய் சொல்ல எனக்கு வாய் வரல. 'அவர் எழுத்துதான்'னேன்."

பெர்சி நாற்காலியைத் தேடி உட்கார்ந்தான். தலைக்கு மேலிருந்து அவன் கழுத்தில் சொட்டியது.

"மே மாசத்துலேர்ந்து ஊரே என்னக் காறித் துப்புது ஆலிவ்."

"ஆமா."

"நீ பாத்துட்டுதான் இருந்தியா?"

"பாத்துட்டுதான் இருந்தேன். உன்னைப் பாத்து ஊர் சிரிச்சா உனக்குத் தாங்கும்னு நினைச்சேன். என்னைப் பாத்துச் சிரிச்சா எனக்குத் தாங்காதுன்னு தெரியும். டாட்டையும் பேச விடல." அங்கியைத் தூக்கிப் பிழிந்தாள். வெளுத்த தண்ணீர் முழங்கை வழியாக ஓடியது. "இன்னைக்கு ஆஸ்பத்திரியில டாட் கேட்டா, 'அவன்கிட்ட சொல்லிட்டியா'ன்னு. இருமிக்கிட்டே கேட்டா."

பெர்சி எழுந்து போய்க் குழம்பை இறக்கிவைத்துவிட்டுக் கேட்டான். இந்தத் தடவை அவன் குரலில் விளையாட்டே இல்லை.

"அவர் முதல்ல செல்லும்னு சொல்லிட்டாரு. நீ சும்மா இருந்திருக்கலாம். யாரும் உன்ன ஒண்ணும் கேக்கல. அப்புறம் ஏன் ஆலிவ் சொன்ன?"

ஆலிவ் கையைத் துடைத்துக்கொண்டு அவனை நேராகப் பார்த்தாள்.

"பெருமையா இருந்துச்சு," என்றாள்.